கூட வந்த பெட்டி

கேள்வி: மாமனாரின் மணிவிழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஆன்லைனில் 30 எவர்சில்வர் டப்பா வாங்கினோம். ஒன்று 180 ரூபாய். பெட்டி வந்த மறுநாள், அதே ஆர்டர் எண்ணோடு இன்னொரு பெட்டியும் வந்துவிட்டது. விசேஷ அவசரத்தில் அதையும் பிரித்து, 9 டப்பாவைக் கொடுத்தும் விட்டோம். மீதி 21 முகப்பில் கிடக்கிறது. "கேட்காமல் வந்தது நமக்கே சொந்தம், சட்டமே அப்படித்தான்" என்கிறார் கொழுந்தனார். மாமியாரோ திருப்பிக் கொடு என்கிறார்கள்.
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: கொழுந்தனார் சொல்கிற சட்டம் இருக்கிறது, அமெரிக்காவில். ஆர்டரே செய்யாதவர் வீட்டுக்குச் சாமானை அனுப்பிவிட்டு, பிறகு காசு கேட்டு நச்சரிப்பவர்களுக்குப் போட்ட கடிவாளம் அது. வாட்ஸ்அப்பில் கடல் தாண்டி வந்து இங்கேயும் சட்டமாகிவிட்டது!

நம் ஊர்க் கதை வேறு. தவறுதலாகக் கைக்கு வந்த பணத்தையோ பொருளையோ திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு சொல்கிறது. 1930-இல் வந்த சரக்கு விற்பனைச் சட்டம் இன்னும் விவரமாகப் பேசும்: கேட்டதற்கு மேல் வந்தால், கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வேண்டாம் என்று சொல்லலாம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் பேசிய விலைக்குப் பணம் தர வேண்டும். ஆக, நீங்கள் கொடுத்துவிட்ட 9 டப்பாவுக்கு 1,620 ரூபாய் பாக்கி. ஐந்தொகைக் கணக்கு எழுதிப் பழகிய ஊரில் இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. உங்கள் மாமியார் அதைத்தான் சொல்கிறார்கள்.

அதே சட்டம் உங்கள் பக்கமும் நிற்கிறது. வேண்டாம் என்று தெரிவித்துவிட்டால் போதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொரியர் ஆபீஸுக்கு அலைய வேண்டியதில்லை. எடுத்துப் போவது அவர்கள் வேலை, அவர்கள் செலவு.

சிக்கல் ஆப்பில்தான் வரும். குறைந்தால், உடைந்தால் என்ன செய்ய என்று கேட்டிருப்பார்கள். கூடுதலாக வந்தால் என்ன என்று பெரும்பாலும் யோசித்திருக்கவே மாட்டார்கள். அதற்காக 'ரிட்டர்ன்' பட்டனைத் தட்டிவிடாதீர்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 30 டப்பாவையே திருப்பித் தருவதாகக் கணக்காகி, பணம் திரும்பி வந்து, அதை அவிழ்ப்பது பெரும்பாடு. சாட்டிலோ மெயிலிலோ, எழுத்தில் சொல்லுங்கள்: "30 கேட்டேன், 60 வந்தது. 9 செலவாகிவிட்டது, பணம் எப்படிக் கட்டுவது? மீதி 21-ஐ ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்." இரண்டு பெட்டியின் லேபிளையும் படம் எடுத்துச் சேருங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து இன்னொரு முறை எழுதுங்கள். "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சில கம்பெனிகள் சொல்வதுண்டு. எடுத்துப் போகும் கூலி கட்டுப்படாது. அப்படி எழுதி வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள், டப்பா உங்களுடையது.

ஒன்று கவனம். "தப்பா வந்த பெட்டியை எடுக்க வந்திருக்கேன், ஓடிபி சொல்லுங்க" என்று யாராவது போன் செய்தால் சொல்லாதீர்கள். கம்பெனியிடமிருந்து முன்தகவல் வந்திருந்தால் மட்டும், எண்ணிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

அதுவரை பெட்டியை முகப்பில் போட்டு வைக்காதீர்கள். வளவில் ஏதாவது ஓர் அறைக்குள் தள்ளிப் பூட்டுங்கள். விசேஷம் முடிந்த வீட்டில் காலி டப்பா கண்ணில் பட்டால், மிஞ்சிய மணகோலப் பலகாரத்தை யாராவது போட்டு நிரப்பிவிடுவார்கள்.