வாசலோடு போகிற சிநேகிதன்

கேள்வி: அக்கா, எங்களுக்குச் சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம். மகன் டவுனில் அரசு உதவி பெறும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கொஞ்ச நாளாகக் கையில் கலர் கயிறு. கேட்டால் சாமி கயிறு என்றான். அப்புறம்தான் தெரிந்தது, எங்கள் ஆட்கள் வீட்டுப் பையன்கள் எல்லோர் கையிலும் அதே நிறம். "கட்டலன்னா பஸ்ஸுல ஒருத்தனும் எங்கூட நிக்க மாட்டாம்மா" என்கிறான். தூங்கும்போது வெட்டிப் போட்டேன். மறுநாளே வேறு கட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஆறாம் வகுப்பிலிருந்து கூடப் படிக்கிற காலனிப் பையன் ஒருத்தன் உண்டு, நல்ல பையன், கணக்கில் கெட்டிக்காரன். நோட்டு வாங்க வருவான், வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுவான். இப்போது அவனோடு பேச்சே இல்லை. வீட்டுக்காரர், "நம்ம பயலுவளோட இருக்கது நல்லதுதானட்டி" என்கிறார். பேசாமல் பாளையங்கோட்டையில் வீடு பார்த்துப் போய், அங்கே ஒரு பள்ளியில் சேர்த்துவிடலாமா?

பதில்: சகோதரி, பஸ்ஸைப் பற்றி மகன் சொன்னதை லேசில் தள்ளிவிடாதீர்கள். காலை நேரத்து டவுன் பஸ்ஸில் ஏறிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். பின்சீட்டு யாருக்கு, படிக்கட்டு யாருக்கு, எந்த ஸ்டாப்பில் ஏறுகிறவன் யார் பக்கம் போய் நிற்க வேண்டும் என்று எல்லாம் பேசிவைத்தது மாதிரி நடக்கும். பதினாலு வயசுப் பையனுக்குத் தனியாக நிற்பது பெரிய பயம். அவன் வெறியில் கட்டவில்லை, பயத்தில் கட்டியிருக்கிறான். அதனால்தான் நீங்கள் வெட்டியதும் இன்னொன்று வந்துவிட்டது.

அந்த இன்னொன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களா? கொடைக்குக் கட்டுகிற காப்பு எந்தக் கோயில், எந்தப் பூசாரி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கயிற்றை வாங்கிக் கொடுக்க ஊரில் ஓர் அண்ணன் இருப்பான். ஃப்ளெக்ஸ் போர்டில் கூலிங் கிளாஸ் போட்டு நிற்பவன், தலைவர் பிறந்தநாளுக்குப் பையன்களை வண்டியில் ஏற்றிப் போகிறவன். அநேகமாக உங்கள் வீட்டுக்காரருக்கும் தெரிந்தவனாகவே இருப்பான். மகனைத் திட்டுவதை விட்டுவிட்டு, "எம் பையன் கையில கட்டாத" என்று அந்த அண்ணனிடம் உங்கள் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் பாதி வேலை முடிந்தது. சொல்வாரா என்பது வேறு விஷயம்.

அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். சாதிக்கொரு நிறமாகப் பிள்ளைகள் கயிறு கட்டிவரும் பள்ளிகளைக் கண்டறியச் சொல்லி 2019-லேயே கல்வித்துறை சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது அமுங்கிப்போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கூடப் படித்த பையன்களே இரவில் வீடு புகுந்து பிளஸ் டூ படித்த தலித் மாணவனை அரிவாளால் வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதற்குப் பிறகு, பள்ளிகளில் சாதிச் சண்டையைத் தடுக்க வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசு நியமித்தது. கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று எந்த அடையாளமும் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்று 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். நல்ல யோசனைகள்தான். ஆனால் அகரவரிசை நாலு மணி வரைக்கும்தான். அதற்குப் பிறகு அதே பஸ், அதே தெரு.

பாளையங்கோட்டைக்குப் போகலாமா என்கிறீர்கள். படிப்புக்காகப் போனால் போங்கள். இதற்காக என்றால் வேண்டாம். அங்கே வீடு பார்க்கப் போனால் என்ன நடக்கும் தெரியுமா? புரோக்கர் முதலில் சொந்த ஊர் கேட்பார், அடுத்து எந்தத் தெரு என்பார். அதிலும் பிடிபடாவிட்டால் வீட்டு ஓனர் அம்மா காபி கொடுத்துக்கொண்டே குலசாமி எது என்பார். உங்களுக்கு வீடு கிடைத்துவிடும், கவலைப்படாதீர்கள். அந்தக் கணக்குப் பையனின் அப்பா அதே வீட்டுக்கு வந்தால், "நேத்துத்தான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வீட்டு வாசலில் 'டு லெட்' போர்டு மட்டும் அப்படியே தொங்கும்.

இப்போது நான் கேட்க நினைத்ததைக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல பையன் என்கிறீர்கள், ஆறாம் வகுப்பிலிருந்து வருகிறான் என்கிறீர்கள். ஏன் வாசலோடு போகிறான்? ஒரு நாளாவது உள்ளே வந்து உட்காரச் சொன்னீர்களா? தண்ணீர் கொடுத்தீர்களா, கொடுத்தால் எந்தத் தம்ளரில்? உங்கள் மகன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தான். கயிறு இப்போது வந்தது. வாசல் முதலிலேயே இருந்தது.

உங்கள் சேரன்மகாதேவியில் நடந்ததே ஒரு கதை உண்டு. வ.வே.சு. ஐயர் அங்கே குருகுலம் நடத்தினார். தேசபக்திப் படிப்பு, காங்கிரஸ் பணமும் கொடுத்தது. ஆனால் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் சும்மா விடவில்லை. 1925-இல் தமிழ்நாடே அந்தப் பந்தியைப் பற்றித்தான் பேசியது. நூறு வருஷம் ஆகிவிட்டது. இன்று சத்துணவுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் தட்டேந்துகிறார்கள். நம் வீட்டுப் பந்தி மட்டும்தான் இன்னும் பாக்கி.

பள்ளிக்கும் போங்கள். ஆனால் தனியாகப் போய், "எம் மவன் கட்டியிருக்கான், இன்னார் மவனும் கட்டியிருக்கான்" என்று பெயர்ப் பட்டியல் கொடுக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம் பேர், அதில் பாதி பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் பள்ளிக் குழுவில் யார் யார் என்று விசாரித்து, நாலைந்து அம்மாக்களாகச் சேர்ந்து, பொதுவாக எல்லோர் கயிறும் கழற்றப்பட வேண்டும் என்று கேளுங்கள். தலைமையாசிரியர் மழுப்பினால் கல்வித்துறையின் 14417-க்குப் பேசுங்கள்.

ஒன்றில் மட்டும் ரொம்ப ஜாக்கிரதை. அந்தக் காலனிப் பையனை யாராவது சீண்டுவது உங்கள் காதுக்கு வந்தால், "நீ போயி சார்ட்ட சொல்லு" என்று அவனை முன்னால் தள்ளிவிடாதீர்கள். நாங்குநேரிப் பையன் பள்ளியில் புகார் சொன்ன பிறகுதான் வெட்டுப்பட்டான். புகார் சொல்வதில் உங்களுக்கு இருப்பது மனக்கஷ்டம், அவனுக்கு இருப்பது உயிர்ப்பயம். நீங்கள் சொல்லுங்கள், உங்கள் பெயரில் சொல்லுங்கள்.

அவனைக் கூப்பிட்டுவிடுங்கள். ஆனால் வருவான் என்று எதிர்பார்க்காதீர்கள். "அந்தத் தெருவுக்குப் போவாத" என்று அவன் அம்மா சொல்லியிருப்பாள், அவள் சொல்வதில் நியாயம் உண்டு. வராவிட்டால் உங்கள் மகனைக் கணக்கு நோட்டோடு அவன் வீட்டுக்கு அனுப்புங்கள். கயிற்றோடு அந்த வீட்டுக்குள் போக முடியாது என்பது அவனுக்கே தெரியும். அங்கே சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டுவிட்டு வரட்டும். ராத்திரி வீட்டுக்காரர் கேட்டால், அவன் வாயைத் திறக்கும் முன்னால் "நாந்தான் அனுப்புனேன்" என்று நீங்கள் சொல்லிவிடுங்கள்.