ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய விலையா?

கேள்வி: செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். மூன்று ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தின் ஃபைபர் இணையம். மாதம் 139 ரிங்கிட். போன மாதம் மேல்மாடிக்குக் குடிவந்தவருக்கு அதே நிறுவனம் அதே வேகத்தை 99 ரிங்கிட்டுக்குத் தந்திருக்கிறது. தவறாமல் பணம் கட்டும் எங்களுக்கு ஏன் கூடுதல் விலை? வேறு நிறுவனத்துக்கு மாறலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, சகோதரி. முதலில் பில்லை எடுத்துப் பாருங்கள். 139 ரிங்கிட்டுடன் 6 விழுக்காடு சேவை வரி சேர்ந்து 147.34 ரிங்கிட் ஆகியிருக்கும். மேல்மாடிக்காரர் வரியோடு கட்டுவது 104.94. ஓராண்டில் இந்த வித்தியாசம் 508 ரிங்கிட் 80 சென். பிள்ளையின் டியூஷன் கட்டணத்துக்கு உதவும் பணம் அது.

இணையத் தொழிலில் செலவெல்லாம் முன்கூட்டியே ஆகிவிடுகிறது. சாலையைத் தோண்டிக் கேபிள் பதிப்பது, கட்டடத்துக்குள் மாடி மாடியாக இழுப்பது, வீட்டுக்கு ஆள் அனுப்பி மோடம் பொருத்துவது எல்லாம் பெருஞ்செலவு. அதன்பின் ஒரு வீட்டுக்கு இணைப்பைத் தொடர்ந்து கொடுக்க மாதாமாதம் ஆவது சொற்பம். அதனால்தான் 24 மாத ஒப்பந்தம் கேட்கிறார்கள். பொருத்திய செலவை அதற்குள் எடுத்துவிட வேண்டும். அதுவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கான அந்தச் செலவு ஓராண்டுக்கு முன்பே அடைபட்டுவிட்டது. இப்போது விலையைத் தீர்மானிப்பது செலவு அல்ல, யார் விலகிப் போவார் என்ற கணிப்பு. புதியவர் நான்கு இடத்தில் விசாரிப்பவர்; அவருக்குக் குறைந்த விலை. நீங்கள் கேட்காதவர்; உங்களுக்குப் பழைய விலை.

விலை இறங்க முடியும் என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 2018இல் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் நிறுவனங்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும் மொத்த விலைக்கு உச்ச வரம்பு விதித்தது. அந்த ஆண்டுக்குள்ளேயே வீட்டு ஃபைபர் கட்டணங்கள் கண்கூடாக இறங்கின.

மாறுவதற்கு முன் கட்டட நிர்வாக அலுவலகத்தில் ஒன்றை விசாரியுங்கள்: வேறு எந்த நிறுவனத்தின் ஃபைபர் உங்கள் மாடிவரை வந்திருக்கிறது? சில அடுக்குமாடிகளில் ஒரே நிறுவனம்தான் இருக்கும். அங்கே பேரம் பேச வலு குறைவு. இரண்டு இருந்தால் இன்றே தொலைபேசியை எடுங்கள். ஒப்பந்தம் முடிந்த தேதியைச் சொல்லி, இணைப்பை நிறுத்த விரும்புவதாகக் கூறுங்கள். முதலில் பேசுபவருக்கு விலையைக் குறைக்கும் அதிகாரம் இருக்காது. வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். "வேகத்தைக் கூட்டித் தருகிறோம், விலை அதேதான்" என்பார்கள். மறுத்துவிடுங்கள். அம்மா நாடகம் பார்க்கவும் பிள்ளை இணையவழி வகுப்பில் உட்காரவும் 100 மெகாபிட் வேகம் தாராளம். மிகத் தெளிவான 4கே படத்துக்கே 25 மெகாபிட் போதும்.

 

விலையைக் குறைத்தால், அதோடு புதிய 24 மாத ஒப்பந்தம் தொடங்குகிறதா, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். அது முடியும் தேதியைச் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள்.