தண்ணீர் வரும் முன்னே

குடிநீர் வழங்கும் அமைப்பு ஒன்றில் கமிஷனிங் பொறியாளராக, அதாவது புதிதாக அமைத்தவற்றை முதன்முதலில் இயக்கிச் சோதிக்கும் பொறியாளராகக் களப்பணி செய்பவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: பம்ப், மோட்டார் எல்லாம் தொழிற்சாலையிலேயே சோதித்துத்தானே வருகின்றன? களத்தில் மறுபடி சோதிக்கத் தனியாக ஒரு பொறியாளர் எதற்கு?

பதில்: தொழிற்சாலையில் சோதித்தது பம்பை மட்டும். களத்தில் அந்தப் பம்புக்குக் கேபிள் இழுத்தவர் ஒருவர், குழாய் பதித்தவர் இன்னொருவர், கட்டுப்பாட்டு நிரல் எழுதியவர் வேறொருவர். தனித்தனியே பார்த்தால் மூவர் வேலையிலும் குறை தெரியாது. அவை ஒன்றோடொன்று சேரும் இடத்தில்தான் பிழை ஒளிந்திருக்கும்.

மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுவரும் மூன்று ஃபேஸ் கம்பிகளில் இரண்டு இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். மையவிலக்குப் பம்ப் எதிர்த்திசையில் சுழன்றாலும் தண்ணீரைத் தள்ளும். அளவும் அழுத்தமும்தான் குறையும். தண்ணீர் வருகிறதே என்று பார்ப்பவர் நிம்மதியாகப் போய்விடுவார். அதனால்தான் முதலில் மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றி, மோட்டாரை மட்டும் ஓரிரு நொடி ஓடவிட்டு, பம்பின் உறையில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

தொட்டியின் நீர்மட்டத்தைச் சொல்லும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது காலித் தொட்டிக்கு 4 மில்லிஆம்பியர், நிறைந்த தொட்டிக்கு 20 மில்லிஆம்பியர் என்று மின்னோட்டம் அனுப்பும். பூச்சியம் வந்தால் தொட்டி காலி என்று பொருளல்ல. கம்பி அறுந்திருக்கிறது அல்லது கருவி செத்திருக்கிறது. இது நிரலுக்குத் தெரியுமா? நான் கம்பியை என் கையாலேயே கழற்றிவிட்டுத் திரையைப் பார்ப்பேன். ‘கருவிப் பழுது’ என்ற எச்சரிக்கை வர வேண்டும். அதற்குப் பதிலாகத் தொட்டி காலி என்று எண்ணிப் பம்ப் ஓடத் தொடங்கினால், என்றாவது ஒரு நள்ளிரவில் எலி கடித்த ஒரு கம்பியால் தொட்டி வழியும். நன்றாக ஓடுவதை யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம். கெடும்போது எப்படிக் கெடுகிறது என்று பார்த்துச் சொல்லத்தான் நாங்கள்.

கேள்வி: புதிதாகப் பதித்த பெரிய குழாய்கள் முதல்முறை தண்ணீர் விட்டதும் உடைந்துபோவதாகப் படிக்கிறோம். குழாயின் தரம் சரியில்லை என்பதுதான் காரணமா?

பதில்: தரக்குறைவும் காரணமாகலாம். ஆனால் நல்ல குழாயையும் அவசரப்பட்டு நிரப்பி உடைக்க முடியும். குழாய்க்குள் இருக்கும் காற்று மேட்டுப் பகுதிகளில் போய்த் தங்கும். அது வெளியேற அங்கங்கே காற்று வால்வுகள் உண்டு. அவை காற்றை விடும் வேகத்துக்கு ஏற்பத்தான் தண்ணீரை ஏற்ற வேண்டும். மணிக்கணக்காகலாம், சில குழாய்களுக்கு நாள்கணக்கும் ஆகலாம். தண்ணீரை அழுத்தினால் அது அநேகமாகச் சுருங்காது. காற்று சுருங்கும், சுருங்கியபடி சக்தியைச் சேர்த்துவைக்கும். காற்று மிச்சமிருக்கும் குழாயில் ஒரு இணைப்பு விட்டுக்கொடுத்தால் அந்தச் சக்தி முழுவதும் ஒரே நொடியில் வெளியே வரும். வழக்கமான இயங்கு அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு கொடுத்துச் சோதிக்கும்போது, பக்கத்தில் யாரையும் நிற்கவிடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைவிடப் பெரிய பயம் மின்தடை. ஓடும் பம்ப் சட்டென்று நின்றால், நீளக் குழாயில் போய்க்கொண்டிருந்த தண்ணீர் உடனே நிற்காது. பம்பின் பக்கம் அழுத்தம் முதலில் சரியும். பிறகு தண்ணீர் திரும்பி வந்து மோதும். இந்த அழுத்த அலையை ருஷ்ய அறிஞர் நிகோலாய் ஜுகோவ்ஸ்கி மாஸ்கோ குடிநீர்க் குழாய்களில் ஆராய்ந்து 1898-இல் விளக்கினார். அவர் தந்த கணக்கு இன்றும் எங்கள் கையில் இருக்கிறது. எஃகுக் குழாயில் இந்த அலை நொடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் ஓடும். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால், அழுத்தம் ஏறக்குறைய 10 பார் கூடும். அதாவது 100 மீட்டர் உயரத் தண்ணீரின் பாரம்.

ஆகவே ஓடும் பம்பின் மின்சாரத்தை நாங்களே வேண்டுமென்று துண்டிக்கிறோம். முதலில் ஒரு பம்ப், பிறகு இரண்டு, கடைசியில் எல்லாம் ஒன்றாக. சாதாரண அழுத்தமானியின் முள் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. நொடிக்குப் பலமுறை பதியும் கருவி வேண்டும். பின்னோட்டத் தடுப்பு வால்வு மெல்ல மூடுகிறதா, ‘டமார்’ என்று அறைகிறதா என்பதைக் காதே சொல்லிவிடும். வடிவமைப்பாளர் கணித்த வரைபடமும் கருவி வரைந்த கோடும் ஒத்துப்போனால்தான் அடுத்த பம்புக்குப் போவேன். ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கு வேலை அங்கேயே நின்றுவிடும். யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

கேள்வி: புது இணைப்பில் குளோரின் வாடை வருகிறது. குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: இலேசான வாடை இருந்தால் கவலை வேண்டாம். கிருமிநீக்கத்துக்கு, குளோரின் கலந்து 30 நிமிடங்களாவது கழிந்த பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சமிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வழிகாட்டு உச்சவரம்பு 5 மில்லிகிராம். மூக்கைத் துளைக்கும் அளவுக்கு இருந்தால் குடிக்காமல் வைத்துவிட்டு உங்கள் குடிநீர் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள்.

புதுக் குழாயைச் சுத்தப்படுத்துவது வேறு கதை. பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு முறையில், லிட்டருக்கு 25 மில்லிகிராம் குளோரின் கலந்த தண்ணீரைக் குழாயில் 24 மணி நேரம் நிறுத்திவைக்கிறோம். முடிவில் 10 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும். அந்தத் தண்ணீர் எந்த வீட்டுக்கும் போகாது. அப்படியே ஓடையில் விட்டால் மீன்கள் செத்துப்போகும் என்பதால், சோடியம் தயோசல்ஃபேட் போன்ற ஒன்றைக் கலந்து குளோரினை முறித்த பிறகே வெளியேற்றுவோம்.

கேள்வி: மின் பொறியியல் முடிக்கப்போகிறேன். இந்த வேலைக்கு வர என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: வரைபடம் படிக்க. மல்டிமீட்டரை நம்ப, சில சமயம் சந்தேகிக்கவும். ஃபிட்டர்களிடம் மரியாதையோடு கேட்க. மூடிக்கிடந்த வால்வு அறைக்குள் வாயு அளக்காமல் இறங்காதீர்கள். இரும்பு துருப்பிடிக்கும்போதே உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் யார் சொன்னாலும் இறங்கக் கூடாது.

கேள்வி: நான் இந்தத் துறையில் புதியவன். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். கிருமிப் பரிசோதனை முடிவு வரவில்லை. ‘கையெழுத்துப் போடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள்.

பதில்: போடாதீர்கள் தம்பி. மாதிரியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க ஆய்வகத்துக்கு ஒரு நாளாவது வேண்டும். எந்த அமைச்சர் வந்தாலும் அது வேகமாக வளராது. நிலுவைப் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். வண்ணப்பூச்சு, பெயர்ப்பலகை, உதிரிபாகப் பெட்டி ஆகியவை பிறகு வரலாம். கிருமிப் பரிசோதனை, ஆபத்தில் பம்பைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு ஏற்பாடுகள், மின்தடைச் சோதனை ஆகியவை பிறகு வரக் கூடாது. விழாவில் பம்பை ஓட்டிக் காட்டத்தான் வேண்டுமென்றால், தண்ணீரைக் கழிவு வால்வு வழியாக வெளியே விட்டு ஓட்டிக் காட்டுங்கள்; ஊருக்குப் போகும் வால்வுக்குப் பூட்டும் எச்சரிக்கை அட்டையும் போட்டுவையுங்கள். வாய்மொழியாக வந்த உத்தரவை அன்றே எழுத்தில் திருப்பி அனுப்பி, ‘இப்படிச் சொன்னீர்கள், இந்தக் காரணத்தால் கையெழுத்திடவில்லை’ என்று குறிப்பிடுங்கள். பெரும்பாலும் அந்தக் கடிதம் போன பிறகு யாரும் மறுபடி வற்புறுத்துவதில்லை.