அம்பத்தூரிலிருந்து கிண்டிக்கு வண்டியில் போகும் அப்பாவுக்கு

வணக்கம் சார்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெண் சிவில் கடைசி வருடம், கேம்பஸில் கிடைத்த சாஃப்ட்வேர் ஆஃபர் கையில் இருக்கிறது, அவளோ போக்குவரத்துப் பொறியியலில் எம்.இ., அப்புறம் ஆராய்ச்சி என்று பிடிவாதமாக நிற்கிறாள். "பஸ்ஸில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று எண்ணுவதற்கு ஒரு மேற்படிப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கல்விக் கடன் பாதி பாக்கி என்றும் எழுதியிருப்பதால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். படிக்க விடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

கடிதத்தின் நடுவில், கொஞ்சம் கோபமாக, ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஸ்டேஷன் பத்து நிமிட நடையில் இருந்தும் ஏன்ப்பா தினமும் கிண்டிக்கு வண்டியில் போறீங்க என்று என்னையே விசாரிக்கிறாள்." சார், அந்த விசாரணைதான் இந்தத் துறை. எண்ணுவது அதில் ஒரு சின்ன வேலை. ஒரு மனிதர் இத்தனை வழி இருந்தும் ஏன் இந்த வழியில் போகிறார், எதை மாற்றினால் வேறு வழிக்கு வருவார் என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை.

உங்களையே எடுத்துக்கொள்வோம். ரயிலில் போவதென்றால் அம்பத்தூரில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, கூட்டத்தோடு பூங்கா ஸ்டேஷனுக்கு நடந்து, மறுபடி ஒரு ரயில் பிடிக்க வேண்டும். கிழக்கே போய்த் திரும்பி தெற்கே வருகிற சுற்று அது. டி70 பஸ் நேராகவே கிண்டி வரும், ஆனால் அதைப் பிடிக்க முதலில் எஸ்டேட் வரை ஒரு ஷேர் ஆட்டோ, அப்புறம் எப்போது வரும் என்று தெரியாத காத்திருப்பு. வண்டியில் என்றால் வீட்டு வாசலில் ஏறி ஆபீஸ் வாசலில் இறங்கலாம், திரும்பும்போது காய்கறியும் வாங்கிக்கொள்ளலாம். பெட்ரோல் செலவு, கத்திப்பாரா நெரிசல், மழை, முதுகுவலி எல்லாவற்றையும் தாண்டி நீங்கள் வண்டியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால், உங்கள் மனதுக்குள் ஒரு தராசு ஓடுகிறது என்று அர்த்தம். அந்தத் தராசில் எது எவ்வளவு கனம் என்று எண்ணில் எழுத முடியும். பஸ்ஸுக்குள் போகும் ஒரு நிமிடத்தைவிட நிறுத்தத்தில் நிற்கும் ஒரு நிமிடம் மனதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமாகத் தெரிகிறது என்பது பல ஊர்களில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். அதனால்தான் வேகமான பஸ் விடுவதைவிட, பத்து நிமிடத்துக்கு ஒன்று ஒழுங்காக வருகிற பஸ் விடுவது சில தடங்களில் அதிகம் பலன் தருகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், நானே பார்த்தது. ஒரு நாள் சாயங்காலம் லஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் காலி பூக்கூடையோடு ஒரு அம்மா. 29சி டீலக்ஸ் வந்தது, உட்கார இடமும் இருந்தது, அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். இன்னொன்று வந்தது, அதுவும் டீலக்ஸ், அதற்கும் நகரவில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் கழித்து, முகப்பில் பிங்க் பூசிய சாதாரண பஸ் கூட்டமாக வந்தது, கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏறிப் போனார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் காசு வாங்குவதில்லையல்லவா, அதற்காக. வெறுமனே தலையை எண்ணுகிறவருக்கு அவர் 'ஏறிய ஒரு பயணி', அவ்வளவுதான். விட்டுவிட்ட இரண்டு பஸ்ஸும் அந்த இருபது நிமிடமும் கணக்கிலேயே வராது. கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தால்தான் அது தகவலாகும், அதைப் பார்த்து இந்தத் தடத்தில் சாதாரண பஸ் எத்தனை கூட்ட வேண்டும் என்று முடிவெடுக்க முடியும்.

இதில் கனமான கணக்கு இருக்கிறதா என்று சந்தேகப்படாதீர்கள். 2000-ஆம் ஆண்டு பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்ட டேனியல் மெக்ஃபேடன் செய்தது இதே வேலைதான். சான்பிரான்சிஸ்கோ பகுதியில் பார்ட் என்ற ரயில் 1972-இல் ஓடத் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதம் பேர் அதில் ஏறுவார்கள் என்பது அதிகாரபூர்வக் கணிப்பு. அவர் ரயில் வருவதற்கு முன்பே எழுநூற்றுச் சொச்சம் பேரின் பயண விவரத்தை வாங்கி, ஒவ்வொருவரின் தேர்வையும் கணித மாடலாக்கி, 6.3 சதவீதம் என்றார். ஓடிய பிறகு பார்த்தால் 6.2. நம் ஊர்ப் பறக்கும் ரயிலை நினைத்துப் பாருங்கள். 1990-களில் தொடங்கி 2007-இல் வேளச்சேரி வரை வந்தது, எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அவ்வளவு பெரிய ஸ்டேஷன்களில் படியேறி, ஆளில்லாத இருட்டு நடைபாதையைக் கடந்து போக ஒரு பெண் ஏன் தயங்குவாள் என்று கட்டுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு, அது நம் எல்லோருடைய பணம்.

இப்போது சென்னையில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் தேவைப்படுகிறது. மெட்ரோ இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 119 கி.மீ. வெளியூர் பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கத்துக்குப் போனபோது வாசலில் மெட்ரோவும் இல்லை, மின்சார ரயிலும் இல்லை, குடும்பத்தோடு பெட்டி தூக்கி வருகிறவர்கள் என்ன செய்தார்கள் என்பதே ஒரு ஆய்வுக்குப் போதும். எல்லாப் போக்குவரத்தையும் ஒன்றாகத் திட்டமிட கும்டா என்ற அரசு அமைப்பு இருக்கிறது, அதன் சட்டம் 2010-லேயே வந்துவிட்டது, ஆனால் வேலை வேகம் பிடித்தது சமீப வருடங்களில்தான். மெட்ரோவுக்கு மத்திய அரசின் உதவி வேண்டுமென்றால் 2017 கொள்கைப்படி நகரத்துக்கு முழுமையான பயணத் திட்டம் இருக்க வேண்டும், அதற்கு வீடு வீடாகப் போய் எடுக்கும் சர்வே வேண்டும். இந்த வேலையை ஆலோசனை நிறுவனங்கள், ஐடிடிபி மாதிரி போக்குவரத்துத் தொண்டு அமைப்புகள், ஐ.ஐ.டி. மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம் என்று பலரும் செய்கிறார்கள்.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். முதல் இரண்டு மூன்று வருடம் சாஃப்ட்வேரில் சேர்ந்த தோழியைவிடக் குறைவாகத்தான் வாங்குவாள், அரசுத் திட்டங்களில் பல வேலை ஒப்பந்த அடிப்படையில்தான் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே இறங்கட்டும். 'கேட்' என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பிஎச்.டி.க்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023-லிருந்து மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000. கடன் தவணையை ஓரளவு இது தாங்கும்.

சரி, சோதிக்க வேண்டியதற்கு வருகிறேன். புள்ளியியல். ஆறேழு வருடம் முன்பு ஒரு பையனை இதே துறைக்கு நான்தான் உற்சாகப்படுத்தி அனுப்பினேன், நகரத்தின் மேல் அவ்வளவு ஆசை அவனுக்கு. புள்ளியியல் எப்படி என்று நான் கேட்கவே இல்லை. இரண்டாம் செமஸ்டரில் மாடல்கள் வந்ததும் திணறி, ஒரு வருடம் வீணாக்கி, மிகவும் நொந்துபோய்த் திரும்பி வந்தான். தப்பு என்னுடையது. அதனால் உங்கள் பெண்ணிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள்: உங்கள் தெருவில் முப்பது பேரிடம் ஒரு வாரப் பயணத்தை எழுதி வாங்கட்டும், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எதில், எவ்வளவு செலவு, எங்கே நின்றார்கள், வேறு வழி என்ன இருந்தது. பெண்களை விட்டுவிடக் கூடாது. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ரேஷன் கடைக்குப் போய், அப்புறம் வேலைக்குப் போகிற பயணம் அவர்களிடம்தான் இருக்கும், 'வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்' என்று மட்டும் கேட்டால் அது விட்டுப்போகும். பிறகு அதை 'ஆர்' அல்லது பைத்தான் என்ற கணினி மொழியில் ஏற்றி, பிழை திருத்தி, யார் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பார் என்று கணிக்கும் ஒரு எளிய லாஜிட் மாடல் போட்டுப் பார்க்கட்டும், இரண்டும் இலவசம்தான். பதில்கள் அரைகுறையாக இருக்கும், சிலர் விரட்டுவார்கள், மாடல் முதலில் அபத்தமாக விடை தரும். இதெல்லாம் நடந்தும் மூன்றாவது வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு அவள் அதையே நோண்டிக்கொண்டிருந்தால் நீங்கள் பயப்பட வேண்டாம். பாதியில் மூடி வைத்துவிட்டால் என்னிடம் வெளிப்படையாகச் சொல்லட்டும், போக்குவரத்திலேயே சாலை வடிவமைப்பு மாதிரி வேறு வழி பார்ப்போம்.

எங்கே படிப்பது? கிண்டி பொறியியல் கல்லூரியிலேயே போக்குவரத்துப் பொறியியல் எம்.இ. இருக்கிறது, அதற்கு 'கேட்' அல்லது தமிழ்நாட்டின் 'சீட்டா' நுழைவுத் தேர்வு. ஐ.ஐ.டி. மெட்ராஸ், திருச்சி என்.ஐ.டி. இரண்டுக்கும் 'கேட்' சிவில். டெல்லி எஸ்.பி.ஏ., அகமதாபாத் செப்ட் நல்ல இடங்கள்தான், அங்கே திட்டமிடல் பக்கம் அதிகம். என் விருப்பம் சென்னைதான், ஏனென்றால் ஆய்வு செய்ய வேண்டிய ஊரும் இதுதான். எம்.இ. முடித்ததும் நேராக பிஎச்.டி.க்கு ஓட வேண்டாம், ஒரு வருடம் சர்வே எடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுப் போனால் கேள்வி கூர்மையாகும்.

ஆஃபரை இப்போதே மறுக்க வேண்டாம், சேரும் தேதி என்ன என்று பாருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு தாளோடு உங்கள் எதிரில் உட்காரட்டும், முப்பது பேரில் முதல் ஆள் நீங்கள்தான். ஏன் வண்டி என்று கேட்பாள், கோபப்படாமல் காய்கறியிலிருந்து முதுகுவலி வரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். பிறகு அந்தத் தாளையும் ஆஃபர் லெட்டரையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக ஒரு நாள் வாருங்கள்.