வெளியே அடக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து போகும் நாய்

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் ஒரு காப்பகத்திலிருந்து இரண்டு வயதுப் பெண் நாயைத் தத்தெடுத்தோம். கருத்தடை செய்த நாய். வீட்டுப் பழக்கம் உண்டு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அரை மணி நேரம் வெளியே நடத்திக் கூட்டி வந்தாலும் ஒன்றும் போகாமல், உள்ளே நுழைந்ததும் ஹாலில் சிறுநீர் போய்விடுகிறது. வேண்டுமென்றே செய்கிறதா? பத்து நாள் தன்னிடம் விட்டால் சரிசெய்து தருவதாக ஒரு பயிற்சியாளர் சொல்கிறார். விடலாமா?

பதில்: விடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் நாயைப் பார்ப்போம்.

காப்பகக் கூண்டுகளில் பெரும்பாலும் சிமெண்ட் தரைதான். உங்கள் நாய் தூங்கியது, தின்றது, சிறுநீர் கழித்தது எல்லாம் அந்தத் தரையிலேயே நடந்திருக்கும். எந்தத் தரையில் போய்ப் பழகியதோ, அதைத்தான் நாயின் கால் தேடும். நீங்கள் அதைப் புல்லிலும் மண்ணிலும் நடத்துகிறீர்கள். வண்டிச் சத்தம், அறிமுகமில்லாத நாய்களின் வாசனை, புது மனிதர்கள். பயத்தில் அடக்கிக்கொள்கிறது. வீட்டுக்குள் வந்ததும் பயம் விலகுகிறது, காலடியில் பழகிய மாதிரித் தரையும் கிடைக்கிறது. போய்விடுகிறது. இதில் வீம்பு எதுவும் இல்லை.

அதனால் நடையை ஒத்திப்போடுங்கள். வெளியே சிமெண்டோ கல்லோ பாவிய ஓர் ஓரத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் அங்கேயே கூட்டிப்போய்ச் சும்மா நில்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். பேச்சும் விளையாட்டும் வேண்டாம். போனால், முடித்த அந்த நொடியே, அங்கேயே, கையிலிருக்கும் தின்பண்டத்தைக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. அப்புறம் நடக்கக் கூட்டிப்போங்கள். பலர் நாய் சிறுநீர் கழித்ததும் வேலை முடிந்தது என்று திரும்பிவிடுகிறார்கள். போனால் நடை முடிந்துவிடும் என்று நாய் புரிந்துகொள்கிறது, அடக்கப் பழகுகிறது.

போகவில்லையா? வீட்டுக்குள் வாருங்கள், ஆனால் கயிற்றை அவிழ்க்காதீர்கள். உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் பக்கத்திலேயே வைத்திருந்து, மறுபடி வெளியே போங்கள். உங்கள் பிரச்சினையில் பாதி, கதவைத் தாண்டியதும் கயிற்றை அவிழ்த்துவிடுவதில்தான் இருக்கிறது. தரையை முகர்ந்துகொண்டே வட்டமடித்தாலும், விளையாட்டை விட்டுவிட்டு மூலையைப் பார்த்துப் போனாலும் உடனே கிளம்ப வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட அரை மணிக்குள், விளையாடியபின், படுக்கும் முன் கட்டாயம். ஆரம்பத்தில் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அந்த ஓரத்தில் தவறாமல் போகத் தொடங்கியபின், அதன் சிறுநீர் பட்ட துணியைப் புல்லில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றலாம்.

ஹாலைத் துடைக்க அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம். அந்த வாசனை நாய்க்குச் சிறுநீர் மாதிரியே இருக்கும். சிறுநீரின் வாசனையைச் சிதைத்து நீக்கும் என்சைம் கலந்த கிளீனர் வாங்குங்கள்.

மூக்கைத் தேய்ப்பதும் அடிப்பதும் கூடவே கூடாது. திட்டு வாங்கிய நாய், ஹாலில் போகக் கூடாது என்று கற்பதில்லை. மனிதர் பார்க்கும்போது போனால் ஆபத்து என்றுதான் கற்கிறது. வெளியே கயிற்றின் மறுமுனையில் நிற்பதும் நீங்கள்தானே? அப்புறம் அங்கே எப்படிப் போகும்? குற்ற உணர்ச்சி என்று நீங்கள் நினைக்கும் அந்த முகம், உங்கள் கோபத்தைக் கண்ட பயம்.

இனி பயிற்சியாளர் விஷயம். பத்து நாள் அவர் இடத்தில் இருக்கும் நாய், அவர் முற்றத்தில், அவர் நேரத்துக்குப் போகப் பழகும். உங்கள் ஹாலும் உங்கள் வாசலும் அதற்குப் பாடத்திலேயே இருக்காது. திரும்பி வந்த நான்காம் நாள் பழைய கதை தொடங்கும், மறுபடி ஒரு பத்து நாளுக்குப் பணம் கேட்பார்கள். இதை நான் சலிக்கச் சலிக்கப் பார்த்துவிட்டேன். மூடிய கதவுக்குப் பின்னால் மின்னதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டை போடுகிறவர்களும் உண்டு. பல நாடுகளில் பயிற்சியாளர் என்று பலகை மாட்ட எந்த உரிமமும் வேண்டாம். அவரை யாராவது பரிந்துரைத்திருந்தால், அவர்களுக்குக் கமிஷன் போகிறதா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கே வந்து, உங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவராக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

காப்பகத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. கூண்டிலேயே இருந்த நாய்க்கு வீட்டுப் பழக்கம் உண்டென்று எதை வைத்துச் சொன்னார்கள்? சீக்கிரம் ஒரு கூண்டு காலியாக வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். அதை நம்பிய குடும்பம் ஏமாந்து, நாயைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. தெரியாது என்று எழுத எவ்வளவு நேரமாகும்?

ஒன்றை மட்டும் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் நாய் கருத்தடை செய்த பெண் நாய். அப்படிப்பட்ட சிலவற்றுக்கு ஹார்மோன் குறைவதால் சிறுநீர்ப்பையின் வாயை மூடிவைக்கும் தசை தளர்ந்துவிடும். அறுவைக்குப் பிறகு சில மாதங்களிலும் வரலாம், பல ஆண்டு கழித்தும் வரலாம். உட்கார்ந்து போவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது தானாகக் கசிவது. நாய் தூங்கி எழுந்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். படுக்கை ஈரமா, பின்தொடை முடி நனைந்து ஒட்டியிருக்கிறதா, சிறுநீர் வரும் இடத்தை அடிக்கடி நக்குகிறதா? அப்படியானால் மேலே சொன்ன எதுவும் உதவாது, கயிறும் தின்பண்டமும் வீண். நாய்க்கே தெரியாமல் நடப்பதற்குப் பயிற்சி கிடையாது. மருந்து இருக்கிறது, பெரும்பாலான நாய்களுக்கு நன்றாகவே கேட்கும். உங்கள் நாய் ஹாலில் உட்கார்ந்துதான் போகிறதென்றால் இந்தக் கவலை வேண்டாம்.

எப்படியிருந்தாலும் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீரில் தொற்று இருந்தால் நன்கு பழகிய நாய்க்கும் அடக்குவது கஷ்டமாகலாம். அடிக்கடி முக்கினாலோ, சொட்டுச் சொட்டாகப் போனாலோ, ரத்தம் தெரிந்தாலோ அன்றே போங்கள். சிறுநீர் குறையட்டும் என்று தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். காலையில் முதலில் போகும்போது, நீளக் கைப்பிடி உள்ள சுத்தமான கரண்டியைப் பின்பக்கமாக நீட்டிப் பிடித்தால் பரிசோதனைக்கான சிறுநீர் எளிதாகக் கிடைக்கும். மூடி போட்ட புட்டியில் ஊற்றி, சில மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள்.