சாய்தளம் இருக்கிறது, ஏறத்தான் முடியவில்லை

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. பாரிசவாதம் வந்த பிறகு சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் மூன்று வருடங்களுக்கு முன் கட்டித் திறந்த ஒரு தனியார் சனலிங் சென்டருக்கு (வைத்தியர்களை முன்பதிவு செய்து பார்க்கும் நிலையம்) மாதாமாதம் கூட்டிப் போகிறோம். வாசலில் நான்கு படி. பக்கத்தில் சாய்தளம் உண்டு, ஆனால் இரண்டு பேர் தள்ளினாலும் நாற்காலி ஏறாது. மலசலகூடக் கதவுக்குள் நாற்காலி போகாது. மூன்று கிழமைக்கு முன் அந்தச் சாய்தளத்தில் இறங்கும்போது நாற்காலி வழுக்கிப் புரண்டு அம்மாவின் மணிக்கட்டு உடைந்துவிட்டது. 'வாறதுக்கு முதல் கோல் பண்ணுங்கோ, பொடியன்மாரை விட்டுத் தூக்குறம்' என்கிறார் மனேஜர். எக்ஸ்ரே காசைத் தருகிறோம், ஒரு கடிதத்தில் கையெழுத்து வையுங்கள் என்றும் கேட்கிறார். தனியார் இடம், சட்டம் ஒன்றும் செய்யாது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: அந்தக் கடிதத்தில் இப்போது யாரும் கையெழுத்து வைக்க வேண்டாம். இப்படியான கடிதங்களில் 'முழுமையானதும் இறுதியானதுமான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு வரி இருக்கும். சில ஆயிரம் ரூபாய் எக்ஸ்ரே செலவை வாங்கிக்கொண்டு, முறிவுக்கும் வேதனைக்கும் பின்னால் வரப்போகும் சிகிச்சைக்கும் கேட்கக்கூடிய நட்டஈட்டை அந்த ஒரு வரியில் விட்டுக்கொடுத்துவிடுவீர்கள். இன்றைக்கே இன்னொன்றும் செய்யுங்கள். விழுந்த நாள், நேரம் குறிப்பிட்டு, வாசல் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பெரும்பாலான கருவிகள் சில கிழமைகளில் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிவிடும். மூன்று கிழமை ஏற்கனவே போய்விட்டது.

தனியார் இடத்தைச் சட்டம் தொடாது என்பது தவறு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23(2)ஆம் பிரிவு, பொதுமக்கள் போய்வரக்கூடிய எந்தக் கட்டடத்தையும் இடத்தையும் பற்றிப் பேசுகிறது. அது அரசுடையதா தனியாருடையதா, கட்டணம் உண்டா இல்லையா என்பது பொருட்டல்ல. அப்படியான இடத்துக்குள் போகவோ அதைப் பயன்படுத்தவோ ஒருவருக்கு அவருடைய இயலாமையைக் காரணமாக வைத்துத் தடையோ கட்டுப்பாடோ நிபந்தனையோ விதிக்க முடியாது. மனேஜர் சொன்னதை இந்த வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மற்ற நோயாளிகள் கோல் பண்ணிவிட்டா வருகிறார்கள்? மற்றவர்களைத் தூக்கியா உள்ளே கொண்டுபோகிறார்கள்? உதவி என்று அவர் நினைப்பது சட்டத்தின் கண்ணில் ஒரு நிபந்தனை. அதை அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அழித்துவிடாதீர்கள். வாயால் மட்டும் சொன்னார் என்றால், 'நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்' என்று நீங்களே எழுதி அனுப்பி, பதிலை எழுத்தில் எடுங்கள்.

இந்தச் சட்டத்தின் கீழ், அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் 1467/15ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்தன. பொதுக் கட்டடங்கள், பொது இடங்கள், பொதுவான சேவைகள் கிடைக்கும் இடங்கள் ஆகியவற்றில் சாய்தளம், கதவு, மின்தூக்கி, மலசலகூடம் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பழைய கட்டடங்களைத் திருத்துவதற்குத்தான் கால அவகாசம் கொடுக்கப்பட்டது. உங்கள் கட்டடத்துக்கு வயது மூன்று, ஆகவே அந்தச் சாட்டு அவர்களுக்கு இல்லை. புதிய பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதியும் பயன்படுத்தக்கூடிய மலசலகூடமும் இருக்கவேண்டும் என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றமும் 2011 ஏப்ரலில் உத்தரவிட்டது. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த 221/2009 இலக்க அடிப்படை உரிமை வழக்கு அது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் இப்படியான முறைப்பாடுகள் ஏன் எடுபடாமல் போகலாம்? 'ஏற முடியவில்லை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. மறுபக்கம் 'சாய்தளம் இருக்கிறதே' என்று ஒரு படத்தைக் காட்டிவிட்டுப் போய்விடும். ஆகவே அளவெடுங்கள். ஒரு அளவுநாடாவும் கைத்தொலைபேசியில் சரிவு காட்டும் செயலியும் போதும்.

சாய்தளத்தில் இரண்டு அளவு வேண்டும்: தரையிலிருந்து வாசல் மட்டம் வரை உயரம், சாய்தளத்தின் கிடை நீளம். சக்கர நாற்காலிக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அதிகூடிய சரிவு 1:12, அதாவது 1 அடி உயர 12 அடி நீளம். நான்கு படியும் 150 மில்லிமீற்றர் வீதம் என்றால் உயரம் 600. அதற்கு 7.2 மீற்றர் நீளம் வேண்டும். ஒழுங்கைக் கட்டடங்களில் வழமையாகக் காண்பது 3 மீற்றர், அது 1:5. செயலியில் பார்த்தால் 1:12 என்பது 4.8 பாகை, 1:5 என்பது 11.3 பாகை. இரண்டு பேர் தள்ளியும் ஏறாததற்கும், இறங்கும்போது பிடி நழுவியதற்கும் காரணம் அந்த இலக்கத்திலேயே இருக்கும். நாடாவைச் சாய்தளத்தில் விரித்து, இலக்கம் தெரியும்படி படம் எடுங்கள். கைபிடிக் கம்பி இரு பக்கமும் உண்டா, ஓரத்தில் சக்கரம் வெளியே போகாமல் தடுக்கும் சிறு கட்டு உண்டா, மேலும் கீழும் 1.5 மீற்றர் சமதளம் உண்டா என்றும் குறியுங்கள். மேல் சமதளம் இல்லாமல் கதவு வெளிப்பக்கம் திறந்தால், தள்ளுபவர் ஒரு கையால் கதவையும் மறு கையால் நாற்காலியையும் பிடிக்க வேண்டும், அங்கேதான் நாற்காலி பின்னோக்கி ஓடும். மேற்பரப்பில் பளபளப்பான டைல்ஸ் என்றால் ஈரமாக இருக்கும்போது ஒரு படம் எடுத்துவையுங்கள்.

மலசலகூடக் கதவை நிலையின் அளவால் அளக்காதீர்கள். கதவை முழுதாகத் திறந்து, கதவுப் பலகையின் முகத்திலிருந்து எதிர் நிலை வரை உள்ள வெறும் இடைவெளியை அளக்க வேண்டும். மேசன்மார் வழமையாக வைக்கும் இரண்டரை அடிக் கதவில் பலகையின் தடிப்பும் நிலையும் போக 700 மில்லிமீற்றர் அளவில்தான் மிஞ்சும். நாற்காலியே 600 முதல் 680 வரை அகலம், அதைத் தள்ளும் கைவிரல்களுக்கும் இடம் வேண்டும். உள்ளே நாற்காலி திரும்ப 1.5 மீற்றர் விட்டமுள்ள வெறுந்தரை தேவை. கதவு உள்பக்கம் திறக்கிறதா என்பதையும் பாருங்கள். உள்ளே ஒருவர் விழுந்தால் அவருடைய உடம்பே கதவை அடைத்துவிடும், வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. வைத்தியம் பார்க்கும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல. (சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய மலசலகூடம் கொழும்பில் பல இடங்களில் வாளியும் துடைப்பமும் வைக்கும் அறையாகத்தான் பயன்படுகிறது. அப்படியிருந்தால் அதையும் படம் எடுங்கள்.) மின்தூக்கிப் பெட்டிக்குள் 1.1 மீற்றர் அகலமும் 1.4 மீற்றர் ஆழமும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தால் போதும்.

அளவு கையில் வந்ததும் நீதிமன்றத்துக்கு ஓடுவதைவிட, முதலில் கட்டடத்தின் அனுமதி ஆவணங்கள் உள்ள கோவையை (ஃபைலை) தேடுவது நல்லது. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் கொழும்பில் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் இல்லாமல் கட்டமுடியாது. கட்டி முடித்த பிறகு இணக்கச் சான்றிதழ் இல்லாமல் பாவிக்கவும் முடியாது. இந்தக் கோவை கொழும்பு மாநகர சபையின் திட்டமிடல் பிரிவில் இருக்கும், பெரிய கட்டடம் என்றால் பத்தரமுல்லையில் அதிகார சபையில் இருக்கலாம். இத்தகைய கட்டடங்களில் வழமையாக நடப்பது இதுதான்: அனுமதிக்குக் கொடுத்த வரைபடத்தில் 1:12 சாய்தளம் அழகாக இருக்கும். கட்டும்போது மழை வெள்ளத்துக்குப் பயந்து தரைமட்டத்தை உயர்த்துவார்கள், படி கூடும், ஆனால் சாய்தளத்தின் நீளம் கூடாது. அல்லது சான்றிதழ் கிடைத்த பிறகு அதில் பாதியை வெட்டி வாகனத் தரிப்பிடம் ஆக்குவார்கள். இரண்டுமே அனுமதிக்கு மாறானவை. வரைபடமே பிழையாக இருந்தால் கேள்வி அனுமதி கொடுத்தவரிடம் போகும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'எல்லா ஆவணங்களும் தேவை' என்று கேட்டால் தட்டிக்கழிக்க வழி கொடுப்பதாகிவிடும். கட்டடத்தின் விலாசத்தைக் குறிப்பிட்டு நான்கே நான்கு கேளுங்கள்: அனுமதிப்பத்திரத்தின் பிரதியும் நிபந்தனைகளும், அனுமதிக்கப்பட்ட தரைத்தள வரைபடத்தில் வாசலும் சாய்தளமும் மலசலகூடமும் உள்ள பகுதி, இணக்கச் சான்றிதழும் திகதியும், சான்றிதழுக்கு முன் செய்த பரிசோதனை அறிக்கை. முழு வரைபடத்தையும் கேட்டால் அது மூன்றாம் நபரின் தகவல் என்று இழுபடும், தரைத்தளம் மட்டும் என்றால் வாதாடலாம். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். கொழும்பில் நிர்வாகம் சிங்களத்தில் நடந்தாலும், தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. ஏற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவு வரவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டை விசாரிக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

அதற்காகக் காத்திருக்காமல், அளவுகளையும் படங்களையும் இணைத்து மாநகர ஆணையாளருக்கு முறைப்பாடு கொடுங்கள், பிரதி அதிகார சபைக்கு. அனுமதிக்கு மாறாகக் கட்டியிருந்தால் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவின் கீழ், ஏழு நாளுக்குக் குறையாத தவணை கொடுத்து, அனுமதிக்கு அமைவாகத் திருத்தும்படி அறிவித்தல் அனுப்பலாம். கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் கட்டாய உத்தரவு பெறலாம். உரிமையாளருக்கு உறைக்கும் கடிதம் இதுதான், சட்டத்தரணியின் கடிதம்கூட இதற்குப் பிறகுதான். இன்னொரு பிரதியைத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கு அனுப்புங்கள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் வைத்திய நிறுவனங்கள் பதிவு செய்திருக்க வேண்டும்.

திருத்தம் என்று வந்தால் 'இடமில்லை' என்பார்கள். 7.2 மீற்றரை ஒரே நேராகப் போடவேண்டியதில்லை. 3.6 மீற்றர் வீதம் இரண்டாக மடித்து, நடுவில் திரும்ப 1.5 மீற்றர் சமதளம் வைத்தால், சாய்தளம் சுமார் 5.1 மீற்றர் நீளம், இரண்டரை மீற்றர் அகலத்துக்குள் அடங்கும். கிட்டத்தட்ட ஒரு கார் நிறுத்தும் இடம். அதுவும் முடியாதென்றால் 600 மில்லிமீற்றர் உயர்த்தும் சிறு மேடைத் தூக்கி இருக்கிறது, ஆனால் அதற்கு மின்பிறப்பாக்கி இணைப்பும் பராமரிப்பும் வேண்டும். பழுதானால் மறுபடி பொடியன்மார்தான். முடிந்தவரை சாய்தளத்தையே வலியுறுத்துங்கள்.

இவை எதுவும் அசையாவிட்டால் மேல் நீதிமன்றம். 23ஆம் பிரிவு மீறப்பட்டால், பாதிக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய 1996 சட்டமே வழிவிடுகிறது. உங்களுக்கு அது புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில். வழக்குச் செலவு பாரமாக இருந்தால், அதே வளாகத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவிடம் முதலில் போங்கள்.

அடிப்படை உரிமை மனுவைப் பலரும் முதலில் நினைப்பார்கள். அது அரச நிர்வாகச் செயலுக்கு எதிராக மட்டுமே, தனியார் நிலையத்துக்கு எதிராக வராது. மாநகர சபை உங்கள் முறைப்பாட்டை எழுத்தில் நிராகரித்தால் நிலைமை மாறும். அப்போது ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது, விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதமும் வேண்டும்.

மணிக்கட்டு முறிவு வேறு வழக்கு. கவனயீனத்தால் வந்த நட்டத்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், ஆனால் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி விழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான். மேலே சொன்ன முறைப்பாடுகள் எதுவும் அந்தக் கணக்கை நிறுத்தாது. நிலையம் கட்டடத்தை வாடகைக்கு எடுத்திருந்தால் நிலையத்தையும் கட்டட உரிமையாளரையும் சேர்த்தே பிரதிவாதிகளாக்குங்கள், இல்லையேல் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். 'தள்ளியவரின் கவனயீனம்' என்றும் வாதிடுவார்கள். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி உங்கள் பக்கத்தில் ஒரு பங்கு தவறு இருந்தாலும் நட்டஈடு குறையலாமே தவிர வழக்கு விழுந்துவிடாது. வழக்காளி அம்மாதான், நீங்கள் அல்ல. அவர் விளங்கிப் பேசக்கூடிய நிலையில் இருந்தால், தன் சார்பில் நீங்கள் செயற்பட, நொத்தாரிசு முன் உங்களுக்கு அற்றோணித் தத்துவம் எழுதித் தரலாம். சட்டத்தரணியிடம் போகும்போது வைத்தியசாலை அனுமதிச் சீட்டு, எக்ஸ்ரே, பற்றுச்சீட்டுகள், அளவுப் படங்கள், மனேஜர் கையெழுத்துக் கேட்ட அந்தக் கடிதத்தின் பிரதி எல்லாம் ஒரே கோவையில் இருக்கட்டும். படங்களை அவர்கள் திருத்தத் தொடங்குமுன் எடுத்துவிடுங்கள்.