சொந்தக் காரில் மாணவர்களைக் கள ஆய்வுக்குக் கூட்டிப் போகலாமா?

வந்தாறுமூலையிலிருந்து பொத்துவிலுக்கு மூன்று மாணவர்களை உங்கள் காரில் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறார்கள், பெற்றோல் காசை மாணவர்களே பகிர்ந்து தருவார்கள், காப்புறுதி செல்லுமா என்று கேட்டிருந்தீர்கள்.

சகோதரம், அந்தப் பெற்றோல் காசுதான் சிக்கல். காப்புறுதிப் பத்திரத்தில் வாகனம் எதற்குப் பாவிக்கப்படுகிறது என்று ஒரு பகுதி இருக்கும். தனிப்பட்ட பாவனை என்று மட்டும் இருந்தால், பயணிகளிடம் காசு வாங்கியதை வாடகை ஓட்டம் என்று சொல்லி இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. மாணவர்களிடம் வாங்காதீர்கள். செலவைப் பல்கலைக்கழகத்தில் உங்கள் திணைக்களம் தரட்டும், பயண அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் காப்புறுதிக் கம்பனிக்கு மின்னஞ்சல் போட்டு, அலுவலகப் பயணத்துக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் காப்பு உண்டா என்று கேளுங்கள். தொலைபேசியில் சொல்வதை நம்பிப் புறப்பட வேண்டாம். மற்றவர்களுக்கு நேரும் சேதத்துக்கு மட்டும் தரும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்றால் உங்கள் காருக்கு ஒரு சதமும் கிடைக்காது. அப்படியென்றால் பல்கலைக்கழக வானையே கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்முனை, அக்கரைப்பற்று வழியாகத்தான் போவீர்கள். அறுவடைக் காலமென்றால் தாரில் நெல் காயும், எதிரே வருபவர் அதற்கு விலகி உங்கள் பக்கம் வருவார். இருட்டினால் மாடுகள் நடுவீதியில் படுத்துக் கிடக்கும். கறுப்பு மாடு லைட்டில் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். பொத்துவில் பக்கம் யானையும் உண்டு. மூன்று மணிக்கே ஆய்வை முடித்துத் திரும்புங்கள். பின்னால் இருப்பவர்களும் பெல்ட் போடட்டும். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.